களவுபோன அழுக்கு

“என் சைக்கிள்ல இருந்த அழுக்கை யாரோ திருடிட்டாங்க சார்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பொடிநடை காதை ஒருமுறை விரலால் குடைந்துகொண்டார். இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்ததிலிருந்து காணாமல்போன நகை, காணாமல்போன நாய்க்குட்டி, கல்யாணத்தன்று காணாமல்போன மாப்பிள்ளை என்று எத்தனையோ தேடிக் கொடுத்திருக்கிறார். அழுக்கைத் தேடித் தரச்சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

“எவ்வளவு அழுக்கு சார்?” என்று கேட்டாள் வானொலி, முகத்தில் சிரிப்பே காட்டாமல். “கடைசியா அதை எப்ப பார்த்தீங்க? அங்க அடையாளம் ஏதாவது உண்டா?”

“கேலி பண்ணாதீங்கம்மா. அது எங்க அப்பா காலத்து அழுக்கு.”

பொடிநடை என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். எந்த வழக்கானாலும் நடந்தே போவார். கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வானொலி அவருடைய அண்ணன் மகள். அவருக்கிருந்த ஒரே உதவியாளரும் அவள்தான். உள்ளூர் ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்தவள். பாட்டு கேட்டு போன் செய்த ஒருவரிடம், “உங்க ரசனைக்கு நிலையம் பொறுப்பில்லை” என்று நேரலையில் சொன்னாள். அன்றோடு வேலை போயிற்று. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைக்காரர் இருவரையும் தன் கடையின் பின்னறைக்கு அழைத்துப் போனார். முன்னால் இருந்த கடையில் சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள். ஒன்றில்கூட ஒரு விரல் ரேகை கிடையாது. அவ்வளவு சுத்தக்காரர் பின்னறையில் பாதுகாத்து வைத்திருந்தது, தலை முதல் கால் வரை அழுக்கேறிய ஒரு பழைய சைக்கிள். வலப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க, இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. எண்ணெயும் தூசியும் பல வருஷம் குடித்தனம் நடத்தி இறுகிப்போய், அது என்ன நிறம் என்பதே தெரியாதபடி இருந்தது.

“நாளைக்கு பழைய சைக்கிள் சங்கத்தோட கண்காட்சி” என்றார் கடைக்காரர். “அதுல ‘முதல் பெயிண்ட்’னு ஒரு பிரிவு. கம்பெனியில அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்கணும். டயர் மட்டும் மாத்திக்கலாம், போன வாரம் மாத்தினேன். இன்னைக்கு மத்தியானம் நடுவர் இங்க வருவாரு. அவருக்குத் தோணுற இடத்துல கொஞ்சம் துடைச்சுப் பார்ப்பாரு. நாளைக்கு நான் மேடையேறி, ‘இதுல யாரும் கை வைக்கலை’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். இந்த நேரத்துல பாருங்க, எவனோ கை வெச்சிருக்கான்!”

பொடிநடை குந்தி உட்கார்ந்தார். அழுக்குக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்ன ஜன்னல்கள் திறந்திருந்தன. தீப்பெட்டி அகலம்தான் ஒவ்வொன்றும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிப்பக்கம், ஹேண்டில்பாரின் முனை, பெடல் சேரும் இடம், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. உள்ளே கரும்பச்சை பளபளத்தது. அதன் ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு தங்கக் கோடு.

“கெடுக்கணும்னு வந்தவன் உப்புத்தாளை எடுத்திருப்பான்” என்றார் பொடிநடை. “இது உப்புத்தாள் வேலை இல்ல. மண்ணெண்ணெய் வாசனையும் இல்ல. பச்சையில ஒரு கீறல் கிடையாது. தங்கக் கோடு எங்கேயும் உடையல.”

“அதான் சார் எனக்கும் ஆச்சரியம். அந்தக் கோடு பெயிண்டுக்கு மேல சும்மா உட்கார்ந்திருக்கு. கோபமா பார்த்தாலே போயிடும்.”

“பொறுமையான திருடன்” என்றாள் வானொலி. “நம்ம வீட்டுக்கு அனுப்பினா சமையல்கட்டையும் கொஞ்சம் திருடிட்டுப் போகச் சொல்லலாம்.”

“இந்த அறைக்கு யாரெல்லாம் வர முடியும்?”

“கடை வழியா நான். தெருப்பக்கம் ஒரு கதவு, பகல்ல திறந்துதான் கிடக்கும். மாடியிலிருந்து இந்தப் படி வழியா எங்க அக்கா. ஆனா அவங்க இந்த சைக்கிளைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. என் மனைவி மகளோட பிரசவத்துக்குப் போயிருக்கா.”

பெடலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ கிடந்தது. வானொலி எடுத்தாள். சுண்டுவிரல் நீளத்தில், உருளையாகச் சுற்றிய பஞ்சு. ஒரு முனை கறுத்திருந்தது.

கடைக்காரரின் முகம் சிவந்தது. “பல் டாக்டர்! பல்லு பிடுங்கினா வாயில வைக்கிற பஞ்சு சார் இது. எனக்கு அப்பவே தெரியும்!”

பல் டாக்டரின் மருத்துவமனை நேர் எதிரே இருந்தது. இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். டாக்டரிடமும் ஒரு பழைய சைக்கிள் உண்டு. அதை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புதிதாகப் பெயிண்ட் அடித்து, முலாம் பூசி வைத்திருந்தார். “பல்லு மாதிரி தேச்சுத் தேச்சு வெச்சிருக்கான், உயிரே இல்ல அதுல” என்பார் கடைக்காரர். போன மாதம் சங்கக் கூட்டத்தில், “எங்க அப்பா சைக்கிள்ல யாரும் கை வெச்சதில்ல” என்று கடைக்காரர் எழுந்து சொன்னபோது டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஏன் சிரித்தாய் என்று கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

“நடுவர் வர்றதுக்குள்ள அந்த ஆளைப் பிடிச்சுக் கொடுங்க சார்” என்றார் கடைக்காரர். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. பொடிநடை அதைக் கவனித்துக்கொண்டார்.

தெருவைக் கடக்கும்போது பொடிநடையின் வேகம் பாதியாகக் குறைந்தது.

“என்ன சித்தப்பா, காலு வலிக்குதா?”

“எனக்கு பல் டாக்டர்னா கொஞ்சம்...”

“கொலைகாரனைத் துரத்திக்கிட்டு மாடியிலேருந்து குதிச்ச ஆளு நீங்க!”

“அவன் கையில கத்தி மட்டும்தான்மா வெச்சிருந்தான்.”

மருத்துவமனை ஹாலில் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். ஓரத்தில் டாக்டரின் சைக்கிள், முகம் பார்க்கலாம்போல ஜொலித்தது. நோயாளிகளைத் தவிர வேறு யாரையும் டாக்டர் இப்போது பார்க்கமாட்டார் என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்.

“அதுக்கென்ன, நோயாளியைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றாள் வானொலி. “ராத்திரி பூரா வலியில துடிச்சாரு. பாவம், வெளியே சொல்லவே மாட்டாரு.”

பொடிநடை மறுக்க வாயைத் திறந்தார். அந்தத் திறந்த வாயோடு அப்படியே நாற்காலியில் சாய்க்கப்பட்டார்.

டாக்டர் குண்டாக, சிரித்த முகமாக இருந்தார். நெற்றியில் விளக்கு. பொடிநடையின் வாய்க்குள் இரண்டு உருளைப் பஞ்சை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சைக்கிளுக்கு அடியில் கிடைத்த அதே மாதிரிப் பஞ்சு, இப்போது பொடிநடையின் நாக்குக்கு அடியில் இருந்தது.

“ஆ... ஆய்க்கிள்...” என்றார் பொடிநடை.

“என்ன சொல்றாரு?”

“எதிர்த்த கடை சைக்கிளை நீங்க தொட்டீங்களான்னு கேக்குறாரு டாக்டர்” என்றாள் வானொலி. “நாங்க துப்பறியுறவங்க. பல்லும் நிஜமாவே சொத்தைதான், அதை நீங்க பாருங்க.”

டாக்டரின் கை நின்றது. கண் ஒருமுறை ஜன்னல் வழியே எதிர்க்கடைக்குப் போய்த் திரும்பியது.

“எப்ப?” என்று கேட்டார்.

அப்புறம் சுதாரித்துக்கொண்டார். “நான் இல்லைங்க. நான் துடைச்சிருந்தா அரைகுறையா விட்டிருக்க மாட்டேன். ஆனா, யாரு துடைச்சிருந்தாலும் ஒழுங்காத்தான் துடைச்சிருக்காங்க. பல்லு மேல இருக்கிறதும் எனாமல், சைக்கிள் மேல இருக்கிறதும் எனாமல். அழுத்தித் தேச்சா பளிச்சுன்னு ஆகும். ஆனா போனது திரும்ப வராது. பவுடர் போடக்கூடாது, சொரசொரப்பு ஆகாது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணி, பஞ்சை நல்லா பிழிஞ்சுட்டு, கோடு போற போக்குலயே இழுக்கணும், குறுக்க இழுக்கக் கூடாது. முக்கியமா ஒரு பஞ்சு ஒரு தடவைதான். அழுக்கான பஞ்சைத் திருப்பி வெச்சா அதுவே உப்புத்தாள்.”

“இதையெல்லாம் யாருக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? பஞ்சு யாருக்குக் கொடுத்தீங்க?”

“என்கிட்ட வர்றவங்களைப் பத்தி நான் வெளியே சொல்லமாட்டேன்மா. ஒரு பல்லுகூட சொத்தை இல்லாம, பல்வலின்னு வாராவாரம் வந்து, போறப்ப பஞ்சு வாங்கிட்டுப் போறவங்க யாருன்னு நீங்க கேக்காதீங்க, நானும் சொல்லல.” பெருமூச்சு விட்டார். “இவர் பல்லை அடைக்கணும். அடுத்த சனிக்கிழமை வேண்டாம். சனிக்கிழமையில அவங்க வந்தா ஹால்ல இருக்கிற பாதிப் பேர் எழுந்து நின்னுடுறாங்க. அவங்க உட்காருங்கன்னு சொன்னாலும் உட்கார மாட்டேங்கிறாங்க. எனக்கு ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது.”

வெளியே வந்ததும் பொடிநடை பஞ்சைத் துப்பிவிட்டுத் தாடையை ஆட்டிப் பார்த்தார். இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்தது.

“‘தொட்டியா’ன்னு கேட்டா தப்பு பண்ணாதவன் ‘இல்லை’ம்பான். தப்பு பண்ணவனும் ‘இல்லை’ன்னுதான் சொல்லுவான். இவர் ‘எப்ப’ன்னு கேட்டாரு. அப்படின்னா ஒரு தடவைக்கு மேல தொட்டிருக்காரு. ஆனா இப்ப இல்ல, எப்பவோ.”

“சரி, எழுந்து நிக்க வைக்கிற அந்தப் பல்வலி யாரு?”

“உட்காருன்னு சொன்னாலும் உட்கார பயமா இருக்குன்னா, அது யாரு? நீ யாரைப் பார்த்தா எழுந்து நிப்பே?”

“கரப்பான் பூச்சியைப் பார்த்தா... இருங்க, இருங்க.” வானொலியின் குரல் திடீரென்று இறங்கியது. “எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அவங்கதான் ஹெட்மிஸ்ட்ரஸ். சித்தப்பா, அவங்க... கண்ணாடிக்காரரோட அக்கா!”

“மாடியிலிருந்து ஒரு படி” என்றார் பொடிநடை.

“ஆனா எதுக்கு? அதுவும் இடப்பக்கம் மட்டும்?”

“வலப்பக்கம் சுவரோட ஒட்டியிருக்குன்னு வெச்சுக்கலாம். ஆனா இடப்பக்கத்துலேயும் எல்லா இடத்தையும் துடைக்கலையே? மட்கார்டு பெருசா கண்ணு முன்னாடி இருக்கு, அதைத் தொடல. கம்பெனிப் பேரு எழுதின இடத்தைத் தொடல.” பொடிநடை நடுத்தெருவில் நின்று, கற்பனை சைக்கிள் ஒன்றின் மேல் ஏறினார். இரண்டு கையையும் நீட்டிப் பிடித்து, அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்தார். கறிகாய் வாங்கிக்கொண்டு போன ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். “எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனா விழத் தெரியும். கத்துக்க முயற்சி பண்ண நாள்ல அது ஒன்னைத்தான் கத்துக்கிட்டேன். இடது பக்கம் விழுந்தா எங்கெல்லாம் தரையில அடிபடும் சொல்லு.”

“ஹேண்டில்பார் முனை... பெடல்... சக்கரத்துப் பக்கம்...” வானொலியின் கண் விரிந்தது. “ஜன்னல் திறந்த இடமெல்லாம்!”

“அவங்க துடைக்கலம்மா. தேடுறாங்க.”

தெருப்பக்கக் கதவு வழியாகவே உள்ளே போனார்கள். கடையில் கடைக்காரர் யாருக்கோ, “எழுத்து தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. பின்னறையில், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலிட்டு, கையில் உருளைப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியை.

வானொலியின் முதுகு தானாக நிமிர்ந்தது. “குட் மார்னிங் டீச்சர்.”

“மத்தியானம் ஆயிடுச்சு” என்றார் அவர், திரும்பாமலே. பிறகுதான் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது உறைத்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார்.

“எந்த வயசுல விழுந்தீங்க மேடம்?” என்றார் பொடிநடை மெதுவாக.

தலைமையாசிரியை தரையிலேயே சரியாக உட்கார்ந்துகொண்டார். இப்போது பார்க்க யாரும் எழுந்து நிற்கத் தேவையில்லாதவராக இருந்தார்.

“ஸ்கூல்ல படிக்கிறப்ப. அப்பா இதை யாரையும் தொட விடமாட்டாரு. அவர் தூங்கினப்ப எடுத்துட்டுப் போனேன். தெருமுனையில இடது பக்கமா விழுந்தேன். பெயிண்ட் பேந்து வந்துடுச்சு, தங்கக் கோடும் போச்சு. எதிர்த்த வீட்டுப் பையன் இருந்தானே, இப்ப பல் டாக்டரு, அவங்க அப்பா போர்டு எழுதுறவரு. அவன் அவங்க அப்பாவோட பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து சரிபண்ணிக் கொடுத்தான். நான் பக்கத்துல நிக்கக்கூட இல்ல, பயத்துல மாடிக்கு ஓடிட்டேன். அன்னையிலேருந்து இந்த சைக்கிளைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்ல.”

“அதான் எந்த இடம்னு தெரியல” என்றார் பொடிநடை.

“எல்லா இடமும் பச்சையாத்தான் இருக்கு, எல்லா இடத்துலேயும் கோடு இருக்கு! அவனைக் கேட்டா, ‘எனக்கே தெரியலக்கா, அவ்வளவு நல்லா பண்ணிட்டேன் போல’ங்கிறான். நடுவர் அந்த இடத்தைத் துடைச்சுக் கண்டுபிடிச்சுட்டா? ஊரே என் தம்பியைப் பொய் சொல்றவன்னு சொல்லும். அவனுக்கு ஒன்னும் தெரியாது, பாவம்.”

“கண்டுபிடிச்சு என்ன பண்ணலாம்னு இருந்தீங்க டீச்சர்?”

“அந்த இடத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கலாம்னு. நான் நிக்கிற இடத்துல யாரு வந்து துடைப்பா?”

நியாயமான திட்டம்தான் என்று வானொலிக்குத் தோன்றியது.

“தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? அப்பா போனதுக்கு அப்புறம், ‘நீதான் மூத்தவ, சைக்கிள் உனக்கு’ன்னு அவன் சொன்னான். நான் வேண்டாம்னுட்டேன். எனக்கு ஆசை இல்லாம இல்ல. இதை வாங்கிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு...”

“அக்கா!”

கடைக்குப் போகும் கதவில் கடைக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் யாருடைய மூக்குக்கண்ணாடியோ இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. என்னவோ பெரிய சுமை இறங்கியதுபோலவும், இறங்கியது போதாததுபோலவும் ஒரு முகம்.

“நீயாக்கா? இதுக்கா இவ்வளவு நாள்... போகட்டும் விடு. நான் ஒன்னும் நினைக்கல.”

“ரொம்ப நல்லது” என்றார் பொடிநடை. “அப்ப ஒன்னு பண்ணலாம். நடுவர் வர்றதுக்குள்ள டாக்டரைக் கூப்பிட்டு ரெண்டு பக்கமும் துடைச்சு, எது பழசு எது புதுசுன்னு நாமளே பார்த்துடலாம். வாம்மா, சைக்கிளைத் திருப்பி நிறுத்து.”

“வேண்டாம்!” கடைக்காரர் பாய்ந்து வந்து சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டார். “அந்தப் பக்கம் ஒன்னும் இல்ல!”

சோப்புக் குமிழி ஒன்று கிண்ணத்தில் உடைந்தது.

“ஒன்னும் இல்லாததுக்கா இவ்வளவு சத்தம்?” என்றார் பொடிநடை. “காலையிலேயே எனக்கு ஒரு சந்தேகம் சார். நல்ல பெயிண்ட் வெச்சிருக்கிறவங்க, பெயிண்டுக்கு என்னாச்சோன்னு பதறுவாங்க. நீங்க பெயிண்டைப் பத்திக் கவலையே படல. அழுக்கு போச்சுன்னுதான் வந்தீங்க. அழுக்கு எதையோ மூடிக்கிட்டு இருந்தாத்தான் அதுக்கு இவ்வளவு மதிப்பு. சுவர்ப்பக்கம் எப்பவும் வலப்பக்கம்தானா?”

கடைக்காரர் தோளைத் தொங்கவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நானும் எடுத்துட்டுப் போயிருக்கேன்” என்றார் சின்னக் குரலில். “அப்பா ஊர்ல இல்லாதப்ப. நான் வலப்பக்கம் விழுந்தேன்.”

“யாரு சரிபண்ணிக் கொடுத்தது?” என்று கேட்டார் தலைமையாசிரியை. பதில் தெரிந்துதான் கேட்டார்.

வானொலி தெருவுக்கு ஓடினாள். நிலையத்தில் இருந்த காலத்தில் பயன்படுத்திய முழுக் குரலையும் எடுத்து, “டாக்டர்! ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, வாங்க!” என்று எதிரே இருந்த மருத்துவமனையைப் பார்த்துக் கூவினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் நெற்றி விளக்கைக் கழற்றாமலே ஓடி வந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அக்காவையும் தம்பியையும் வாசற்படியில் நின்று பார்த்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தனித்தனியா வந்து சத்தியம் வாங்கினீங்க ரெண்டு பேரும்! ‘அக்காவுக்குத் தெரியக்கூடாது.’ ‘தம்பிக்குத் தெரியக்கூடாது.’ நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? அன்னைக்கு இவன் எழுந்து நின்னு, யாரும் கை வெச்சதில்லைன்னு சொன்னப்ப... டேய், வேற என்னடா பண்ண முடியும் நான்? அழவா முடியும்?”

“அதுக்கு ஒரு மாசமா என்கிட்ட பேசாம இருந்தியேடா!”

“நீதானேடா பேசல!”

“சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க” என்றார் தலைமையாசிரியை. இருவரும் உடனே வாயை மூடினார்கள்.

சைக்கிளை அறை நடுவில் நிறுத்தினார்கள். டாக்டர் விளக்கைப் போட்டார். கடைக்காரர் கடையிலிருந்து ஒரு லென்ஸ் கொண்டுவந்தார். நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி, பஞ்சைப் பிழிந்து, கோட்டின் போக்கிலேயே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு எடுத்துத் துடைத்தார்கள். பொடிநடைக்குக் கறுத்த பஞ்சுகளைப் பொறுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அழுக்கு அவசரப்படாமல் வந்தது. அதற்கடியில் பச்சை, மழை பெய்து ஓய்ந்த மரம்போல மெல்ல மெல்ல வெளிப்பட்டது. கடைக்காரர் முதலில் பயந்து பயந்து துடைத்தார். கொஞ்ச நேரத்தில் பயம் போய், கண்ணில் ஆசை வந்துவிட்டது.

“இதோ!” என்றார் டாக்டர், ஃபோர்க்கின் இடது காலில் லென்ஸை வைத்து. “கம்பெனிக் கோடு கடைசி வரைக்கும் ஒரே கனம். இங்க பாருங்க, பிரஷ்ஷை மறுபடி தோய்ச்ச இடத்துல மயிரிழை தடிச்சிருக்கு. என் கை!” வலப்பக்கம், செயின் கவருக்குப் பின்னால் இன்னொன்று. “இதுவும் என் கை. இதுல முன்னேறியிருக்கேன்.”

அக்காவும் தம்பியும் ஒருவர் செய்த தப்பை மற்றவர் லென்ஸ் வழியாக மாறி மாறிப் பார்த்தார்கள்.

“டாக்டர், இது?” என்றாள் வானொலி. அவள் முன்பக்க மட்கார்டின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இங்க பச்சை கொஞ்சம் வெளுப்பா இருக்கே. கோடு வேற, பயந்துக்கிட்டே போட்ட மாதிரி நெளியுது.”

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இது என் கை இல்ல. சத்தியமா இல்ல.”

“இன்னொருத்தர் விழுந்திருக்காரா?” என்றார் கடைக்காரர்.

“விழல” என்றார் பொடிநடை. “மூக்கு மட்டும்தான் அடிபட்டிருக்கு. யாரோ நேரா எதிலேயோ போய் மோதியிருக்காங்க.”

தலைமையாசிரியை அந்த வெளுத்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு துடித்தது. அழப்போகிறார் என்று வானொலி நினைத்தாள்.

“மாடி ஜன்னல்” என்றார் அவர். “டேய், நம்ம மாடி ஜன்னல் பச்சைடா இது!”

மாடியில் எல்லா ஜன்னலும் வெள்ளை. ஒன்றே ஒன்று மட்டும் பச்சை. பிரஷ்ஷைக் கையால் தொட்டிராத அவர்களுடைய அப்பா, ஒருநாள் திடீரென்று ஒரு பச்சைப் பெயிண்ட் டப்பாவோடு வந்து, யார் கேட்டும் காரணம் சொல்லாமல், ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதி ஜன்னல்களுக்கு ஏன் அடிக்கவில்லை என்று அவர்களுடைய அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

“டப்பா எதுக்குன்னு அம்மா கேட்டிருப்பாங்க” என்றார் கடைக்காரர் மெதுவாக. “சொல்ல ஒரு காரணம் வேணுமே. அதுக்காக ஜன்னல்...”

“யாரும் தொடக்கூடாது, தொடக்கூடாதுன்னு அந்தக் கத்து கத்தினாரே!” தலைமையாசிரியை சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணில் நீர் வழிய. பள்ளியில் இத்தனை வருஷம் படித்தும் அவர் பல்லை வானொலி பார்த்தது இதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்னது உண்மை, ஒன்றுகூட சொத்தை இல்லை.

“நீ இடது பக்கம், நான் வலது பக்கம், அப்பா நேரா” என்றார் கடைக்காரர். அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

நடுவர் வந்தபோது நாலு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கையுறை, ஒரு சிறிய பஞ்சுப் பொட்டலம். சைக்கிளைக் கண்டதும் அவர் கண் அகன்றது.

“நல்ல சைக்கிள். உரிமையாளர் யாரு?”

கடைக்காரர் எழுந்தார். அக்காவைப் பார்த்தார். “அவங்கதான். முதல்லேருந்தே அவங்களுதுதான்.”

தலைமையாசிரியை தம்பியைக் கூர்ந்து பார்த்தார். மறுத்துப் பேச வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

“சரி மேடம். முதல் பெயிண்ட்தானே? யாராவது கை வெச்சிருக்காங்களா?”

“வைக்காத ஆளே இந்த வீட்டுல இல்ல” என்றார் அவர். “எங்க பேரை அடிச்சிடுங்க. நாளைக்கு இதை நான் எங்கேயும் நிறுத்தி வைக்கப்போறதில்ல. திங்கட்கிழமை ஸ்கூலுக்கு இதுலதான் போறேன்.”

“மேடம், இவ்வளவு பழைய வண்டியை ஓட்டினா...”

தலைமையாசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தார். நடுவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சைக்கிளைத் தலைமையாசிரியையே தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனார். டாக்டர் டயரை அழுத்திப் பார்த்தார், பிரேக்கை இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். ஒரு காலைப் பெடலில் வைத்து, இரண்டு எட்டு தத்தி, தலைமையாசிரியை ஏறி உட்கார்ந்தார். வண்டி இப்படியும் அப்படியும் ஒருமுறை ஆடியது. தம்பி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் அது நிமிர்ந்து, தெருவின் வெயிலில் பச்சையும் தங்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைவாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

தெருமுனையில் திரும்பவேண்டும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவர்கூட. அவர் சாய்ந்தார், திரும்பினார், கண்ணிலிருந்து மறைந்தார்.

“எதுக்கும் கொஞ்சம் பச்சை வாங்கி வெச்சிடுறேன்” என்றார் டாக்டர், முனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தங்கக் கலரும்” என்றார் கடைக்காரர்.